கையால் செய்யும் கல்யாணப் பத்திரிகையும் அன்றைய வீட்டுச் சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் எங்கள் குடும்பத்தில் மூன்று கல்யாணங்களுக்கு வீட்டிலேயே பத்திரிகை செய்திருக்கிறோம். ஒவ்வொரு கல்யாணம் முடிந்த பிறகும் உறவுக்காரர்களும் கோயிலில் பார்ப்பவர்களும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். பாதிக் கேள்வி காகிதத்தைப் பற்றி இருக்கும். மீதிப் பாதி, வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன சமைத்தீர்கள் என்று. இரண்டையும் பிரிக்க முடியாது. பத்திரிகை தனி ஆளாக முடிக்கிற வேலை இல்லை, சித்தி, மாமி, பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே வரவேண்டும். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். அந்தச் சோறு கையெல்லாம் எண்ணெய் ஆக்கினால் கார்டு கெட்டுப்போகும். அதனால் பதில்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எத்தனை கார்டு வரை வீட்டில் செய்யலாம்?

150 வரை தாராளமாகச் செய்யலாம். வெட்டி, அச்சுக் குத்தி, ஒட்டி, உறையில் போட ஒரு கார்டுக்கு நான்கு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 150 கார்டுக்கு 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். ஆறு பேர் உட்கார்ந்தால் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குள் முடியவேண்டும். ஆனால் பேச்சு, சிரிப்பு, மை காயும் நேரம், பிள்ளைகளின் சண்டை எல்லாம் சேர்ந்து இரண்டு சாயங்காலம் ஆகிவிடும். அந்த இரண்டு சாயங்காலத்துக்காகத்தான் நான் இதைச் செய்யச் சொல்கிறேன்.

ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். 400 பேரை அழைக்கும் கல்யாணத்துக்குப் பெரும்பாலும் 150 கார்டு போதும். 500 கார்டு தேவைப்படும் பெரிய குடும்பமாக இருந்தால் மொத்தத்தையும் கடையில் அச்சடித்துவிட்டு, பெரியவர்களுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் மட்டும் 60, 70 கார்டு கையால் செய்யுங்கள்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. ஒரு மாதம் இருக்கும்போது கார்டு வீடு வீடாகப் போக ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன் காகிதம் வாங்க, சோதித்துப் பார்க்க, வாசகத்தைத் திருத்த ஒரு மாதம் சரியாக இருக்கும்.

தேதியை அச்சில் ஏற்றுவதற்கு முன் மண்டபமும் முகூர்த்தமும் உறுதியாகிவிட்டதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பதிவுத் திருமணத்தைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்தாக வேண்டும். சில கோயில்களிலேயே உதவிப் பதிவாளர் இருப்பார். முதலில் அதைக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள், கார்டு வேலையை அப்புறம் தொடங்கலாம்.

என்ன காகிதம் வாங்குவது?

அலுவலகத்தில் நகல் எடுக்கும் தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் எடை. அது பத்திரிகைக்கு மெலிசு. 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரை உள்ள அட்டைதான் கையில் எடுத்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். 300க்கு மேல் போகாதீர்கள், வீட்டுக் கத்தரியும் வீட்டு அச்சுப்பொறியும் அதற்குத் தாங்காது. வீட்டில் அச்சடிப்பதாக இருந்தால் உங்கள் பொறி எவ்வளவு தடிமன் வரை இழுக்கும் என்று பார்த்த பிறகே அட்டை வாங்குங்கள்.

அளவில் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஏ4 அட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ஏ5 கார்டு இரண்டு கிடைக்கும், அதற்குச் சி5 உறை சரியாகப் பொருந்தும். மூன்றாக வெட்டினால் நீளக் கார்டு மூன்று, அதற்கு டிஎல் உறை. இந்த உறைகள் சாதாரண எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கின்றன. புது அளவில் கார்டு செய்தால் உறையையும் நீங்களேதான் செய்ய வேண்டிவரும், அது இன்னொரு பத்து மணி நேரம். 150 ஏ5 கார்டுக்கு 75 அட்டை கணக்கு. 85 வாங்குங்கள், வீணாவது நிச்சயம் உண்டு.

மடிக்கும் கார்டு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்துக்கும் துணி மாதிரி இழை ஓட்டம் உண்டு. அட்டையை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு குறுக்குவாக்கில் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த மடிப்புதான் இழையோடு போகிறது. அப்படி மடித்தால் விளிம்பு வழவழப்பாக இருக்கும். இழைக்கு எதிராக மடித்தால் மடிப்பின் மேல் சின்னச் சின்ன வெடிப்பு விழும், வண்ண அட்டையில் அந்த இடத்தில் வெள்ளை தெரியும். கடையில் விற்கும் ஏ4 அட்டைகளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே பாதியாக மடிக்கும்போது இந்தத் தொல்லை வருகிறது. வழி இருக்கிறது. மை தீர்ந்துபோன பந்துமுனைப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, மடிக்கப்போகும் இடத்தில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அந்தப் பள்ளத்தின் மேல் மடித்தால் வெடிக்காது.

அலங்காரத்துக்கு விலை கூடிய பொருள் எல்லாம் வேண்டுமா?

வேண்டாம். எங்கள் கார்டுகளில் எல்லோரும் கேட்டு விசாரித்த அலங்காரம் காய்கறி அச்சுதான். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ் பூ மாதிரி ஒரு முகம் கிடைக்கும். சீனர் காய்கறிக் கடைகளில் விற்கும் தாமரைக்கிழங்கை வெட்டினால் துளைத் துளையாக வட்டப் பூ விழும், அது கார்டின் நடுவில் நிற்கும் அளவுக்குப் பெரியது. வாழை இலையின் தடித்த காம்பை வெட்டினால் பிறை வடிவத்தில் வலை வலையான அச்சு வரும். வாழையும் தாமரையும் மங்கலம் என்று பாட்டிகளும் மறுப்பு சொல்ல மாட்டார்கள்.

செய்முறையை வெண்டைக்காயை வைத்தே சொல்கிறேன். முற்றிய காய் வேண்டும், பிஞ்சு நசுங்கிவிடும். காம்பிலிருந்து இரண்டு விரல் அளவு விட்டு, கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் முகம் சமமாக வராது, பூவில் ஓர் இதழ் விழாமல் போகும். வெட்டியதும் கொழகொழப்பு வரும். உடனே மையில் தோய்த்தால் கொழகொழப்பு மையோடு கலந்து வழுக்கும், காகிதத்தில் பூ விழாமல் சகதி விழும். அதனால் வெட்டிய முகத்தை டிஷ்யூவில் ஒற்றி, கவிழ்த்து, பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் விதைகளைப் பல்குச்சியால் நெம்பி எடுத்துவிடுங்கள், அப்போதுதான் ஐந்து அறையும் தெளிவாகத் தெரியும். போஸ்டர் கலரைத் தட்டில் ஊற்றாதீர்கள். ஒரு ஸ்பஞ்சில் தடவி, அதன் மேல் காயை மெல்லத் தொட்டு எடுங்கள். முதல் அச்சு எப்போதும் திட்டாக விழும், அதைப் பழைய நாளிதழில் வைத்துவிட்டு இரண்டாவதைக் கார்டில் வையுங்கள். நேராக வைத்து நேராகத் தூக்க வேண்டும், திருகக் கூடாது. எங்கள் கையில் ஒரு காய் 20 அச்சு வரை தாங்கியது. பிறகு ஓரம் மென்மையாகிவிடும், அரை விரல்கடை வெட்டிவிட்டால் புது முகம். என் அக்கா மகளின் கல்யாணத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் 60 கார்டுக்குப் பூ வைத்தான். எந்தப் பூ அவனுடையது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும், எல்லாம் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும்.

இன்னொன்று, பழைய சேலையின் சரிகைக் கரை. அம்மாவின் கூறைச் சேலை மடிப்பில் கிழிந்து கட்ட முடியாமல் போயிருந்தால், அந்தக் கரையை ஒரு விரல் அகலத்தில் வெட்டிக் கார்டின் குறுக்கே ஒட்டலாம். வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்க, வெட்டுவதற்கு முன்பே பின்பக்கம் இரட்டைப்பக்க டேப்பை ஒட்டிவிடுங்கள்.

சாமி சாமான் கடையில் தங்கத் தாள் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

ஜார்ஜ் டவுனில் சீனர்களின் வழிபாட்டுப் பொருள் கடைகளில் தங்கம், வெள்ளித் தகடு ஒட்டிய தாள் கட்டுக் கட்டாக இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது சாமிக்கும் மூதாதையருக்கும் எரித்துப் படைக்கும் தாள். அதைக் கல்யாணப் பத்திரிகையில் ஒட்டி ஒரு சீன நண்பர் வீட்டில் கொடுத்தால் அவர்கள் மனம் எவ்வளவு சங்கடப்படும் என்று யோசியுங்கள். எழுதுபொருள் கடையில் கைவேலைக்கென்றே தங்க நிறத் தாள் விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

தமிழ் எழுத்து அச்சில் உடைந்து வருகிறது, என்ன செய்வது?

கொம்பு தனியாக நிற்பது, கால் இடம் மாறுவது, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருவது, இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும் எழுத்துரு அச்சுக் கடைக் கணினியில் இல்லாததால் வருகிறது. யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கவிவனார், கட்டமரன் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே இணைமதி இருக்கிறது. அதை உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்தவர். மலேசியக் கல்யாணப் பத்திரிகையை மலேசியத் தமிழர் ஒருவர் வரைந்த எழுத்தில் அடிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கோப்பைக் கொடுப்பதற்கு முன் அதைத் தாளில் அச்சடித்து, கல்யாண வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குப் பழகிய பெயரில் இருக்கும் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது. ‘திருமணம்’ என்பதில் ‘ண’ ‘ன’ ஆகியிருந்ததை எங்கள் வீட்டில் ஆறு பேர் பார்த்தும் யாரும் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டு ஆசிரியை பிடித்தார்.

அப்பா இல்லாத வீட்டில் பத்திரிகை யார் பெயரில் போடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் குரல் இறங்கிவிடும். வழக்கத்தில், மணமக்களின் பெயருக்கு மேலே பெற்றோர் பெயரைப் போடும் இடத்தில் அப்பாவின் பெயருக்கு முன் ‘அமரர்’ என்று சேர்ப்பார்கள். அழைப்பவர் என்று பெரியப்பாவோ மாமாவோ அண்ணனோ கையெழுத்திடுவார். அம்மாவின் பெயரை அழைப்பவர் இடத்தில் போடாமல் விட்ட காலம் உண்டு, இன்றும் சில வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவர் தன் பெயரில் அழைக்கட்டும். அம்மாவின் பெயர் முதலில், அடுத்து மாமா அல்லது பெரியப்பா பெயர். இதனால் எந்த மங்கலமும் குறைவதில்லை. பெரியவர்கள் தயங்கினால் அவர்கள் பெயரையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதோடு சமாதானமாகிவிடுவார்கள்.

மூன்று மொழியிலும் போட வேண்டுமா?

ஒரே கார்டில் மூன்று மொழியைத் திணித்தால் எதுவும் படிக்க முடியாது. தமிழும் ஆங்கிலமும் இரு பக்கத்தில் இருக்கட்டும். மலாய் நண்பர்களுக்கு இடம், நேரம், உணவு விவரத்தை மலாயில் எழுதிய ஒரு சின்னத் துண்டுத் தாளை உள்ளே வையுங்கள். விருந்து ஹலால் சமையல்காரரிடம் சொல்லியிருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

மஞ்சள் தடவினால் மை கலைகிறதே?

வீட்டு இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் ஓடும். மஞ்சள் தடவுவதாக இருந்தால் லேசர் அச்சில் அடியுங்கள், அல்லது மூலைகளில் எழுத்து எதுவும் வராமல் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். மஞ்சளைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியில் எடுத்து, மூலையில் ஒற்ற வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கையை நன்றாக அலசித் துடைத்துவிட்டு வாருங்கள். சோப்பில் இருக்கும் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அல்கலி) மஞ்சளில் பட்டால் சிவந்துவிடும். ஆரத்தியில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே காரணம்தான். மஞ்சள் வைத்த கார்டுகளை விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்த பிறகு அடுக்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சள் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன சமைப்பது?

மூன்று விஷயம் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். கரண்டியால் சாப்பிட முடியவேண்டும், சமையல் மத்தியானமே முடிந்திருக்க வேண்டும், ஊற்றும் குழம்பு இருக்கக் கூடாது. இதற்கு எலுமிச்சைச் சோறும் கொண்டைக்கடலைச் சுண்டலும் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியும் போதும். கல்யாண வேலை தொடங்கியதும் வீட்டில் சைவம் என்று இருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும்.

பத்துப் பேருக்கு, சோறு குக்கரோடு வரும் கப்பில் ஆறு கப் அரிசி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீர் வைத்து, உதிரியாக வடித்து, பெரிய தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, இரண்டு கைப்பிடி வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், துருவிய இஞ்சி, நிறையக் கறிவேப்பிலை, கடைசியில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எலுமிச்சைச் சாறு. அடுப்பில் கொதித்தால் கசந்துவிடும். சாதாரண எலுமிச்சை ஐந்து போதும். எனக்குப் பிடித்தது இங்கே பசாரில் கிடைக்கும் லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை. பழம் சின்னது, 18 வரை பிழிய வேண்டியிருக்கும். ஆனால் அந்த வாசனைக்காகவே பிழியலாம், ஆரஞ்சுத் தோலை முகர்ந்தது மாதிரி சோறு மணக்கும். விதையை வடிகட்டிவிடுங்கள். தாளிப்பையும் சாற்றையும் உப்பையும் ஆறிய சோற்றில் போட்டு, கரண்டிக் காம்பால் கிளறினால் பருக்கை உடையாது.

சுண்டலுக்கு 600 கிராம் கடலை, முதல் நாள் இரவே ஊறட்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் தோல் வேகும், உள்ளே வேகாது. தேங்காய்ப்பூவைப் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் தேங்காய் கலந்த சுண்டல் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். சோற்றையும் சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மத்தியானம் சமைத்ததை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது ஆவி வரச் சூடாக்குங்கள்.

கார்டு மேசையில் யாரும் சாப்பிடக் கூடாது. அஞ்சடியிலோ (வீட்டு முன்பக்க நடைபாதை) சமையலறையிலோ தனியாகப் பாய் விரித்துவிடுங்கள்.

நாசி கண்டார் வாங்கிக் கொடுத்துவிட்டால் சமையலே வேண்டாமே?

பினாங்கில் இருந்துகொண்டு, சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் ‘பஞ்சிர்’ (மலாயில் வெள்ளம்) என்று சொல்லி எல்லாக் குழம்பையும் ஊற்றி வாங்கிய பொட்டலத்தைப் பிரித்த வீட்டில் அன்றைக்கு வெள்ளைக் காகிதத்தைத் தொட முடியாது. கடைசிக் கார்டு உறைக்குள் போன பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கள்.

குடிக்க என்ன கொடுப்பது?

சிராப் தண்ணீர் வேண்டாம், சிவப்புக் கறை போகாது. தே, கோப்பி எதுவானாலும் மூடி போட்ட குவளையில் கொடுத்து, தரையில் வைக்கச் சொல்லுங்கள்.

பத்திரிகையோடு பலகாரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நெய் உருண்டை கொடுங்கள். தீபாவளிக்குச் செய்கிற அதே உருண்டைதான். அரை கிலோ பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து மாவாக்கி, பொடித்த சீனி 350 கிராம், ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி சேர்த்து, 200 முதல் 250 கிராம் நெய்யைச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சூடு இருக்கும்போதே பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட 45 உருண்டை வரும்.

ஆனால் கார்டையும் உருண்டையையும் ஒரே பையில் போடாதீர்கள். முதல் கல்யாணத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். பட்டர்வொர்த் பக்கம் கொடுக்க 20 பையைக் காரில் வைத்துப் பாலம் தாண்டினோம். வெயிலில் நெய் இளகி, காகிதப் பொட்டலத்தைத் தாண்டி உறையில் ஊறி, மணமகள் பெயர் மேலேயே கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். 20 கார்டையும் மறுபடி செய்தோம். இப்போது உருண்டை மூடி போட்ட டப்பாவில் தனியாக, கார்டு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு தனியாகப் போகிறது.

செய்த கார்டு வளைந்துபோகிறது, பசை விட்டுப்போகிறது. ஏன்?

ஈரம்தான் காரணம். தண்ணீர்ப் பசை அட்டையை அலை அலையாக்கும். வீட்டில் கிண்டும் மைதாப் பசையில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் வரும். இரட்டைப்பக்க டேப்பே நல்லது. முடித்த கார்டுகளை ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

தபாலில் அனுப்பலாமா, நேரில்தான் கொடுக்க வேண்டுமா?

முதல் கார்டு சாமிக்கு. எங்கள் வீட்டில் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் வைக்கிறோம். 1833இல் கட்டிய கோயில் அது, எங்கள் பாட்டியின் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் வைத்தார்களாம். அடுத்தது தாய்மாமன் வீடு. பெரியவர்களுக்கு நேரில் கொடுங்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில் அனுப்பலாம், ஆனால் சரிகை ஒட்டிய கார்டு புடைத்திருக்கும் என்பதால் ஒன்றைத் தபால் நிலையத்துக்கு எடுத்துப்போய் எடை போட்டுப் பார்த்த பிறகு மொத்தமாக அனுப்புங்கள். அனுப்பிவிட்டு ஒரு போன் போட்டு அழைப்பதையும் மறக்காதீர்கள்.

மிச்ச அட்டையை என்ன செய்வது?

வெட்டி மிஞ்சிய துண்டுகளில் அதே வெண்டைக்காய்ப் பூவை வைத்து, துளை போட்டு நூல் கோத்துவிடுங்கள். தாம்பூலப் பைக்கான நன்றிச் சீட்டு ஆகிவிடும். எங்களிடம் 85 அட்டையில் 10 மிஞ்சியது, அதிலிருந்து 80 சீட்டு வெட்டினோம். பூ வைத்தது அதே பையன்தான்.